திறந்த வாயிலும் வழித்துணையும்



ஜவ்வாது மலைத்தொடரின் தென்புறத்தே செங்கம் என்னும் ஊர் உள்ளது. மலையிலே பிறந்து இறங்கி வரும் செய்யாறு அவ்வூரைத் தொட்டுச் செல்கின்றது. சங்க காலத்தில் நன்னன் என்னும் வள்ளல் அங்கே இருந்தான். அவனைத் தலைவனாகக் கொண்டு பாடப்பெற்றதே பத்துப்பாட்டின் பத்தாம் பாட்டாகிய மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் வழங்குகின்றது. ஆற்றுப்படை என்பது யாது? வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனைக் கண்டு, நீயும் அவனிடம் செல், இன்ன வழியாகச் செல் என்று நெறிப்படுத்துவதாகும்.

அந்நூலைக் கற்றோர் ஒன்றைக் கண்டிருப்பர். வள்ளலின் கொடையைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் அவனிடம் செல்லும் வழியைப் பற்றிய பேச்சே அதில் மிகுதி. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் பாறை எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, இரவில் எவர் வீட்டில் தங்குவது என்றெல்லாம் புலவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கின்றார். ஏன் இத்தனை விரிவு? வாயில் திறந்திருப்பதால் மட்டும் பசித்தவன் அங்கே வந்து சேர்ந்துவிட மாட்டான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று நான் பேச வந்தது வேறொரு வள்ளன்மையைப் பற்றி. இணையத்தின் வழியே கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்களைப் பற்றியே பேச விரும்புகின்றேன். ஜவ்வாது மலைமேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பல்லாண்டு பணியாற்றி, 2022இல் ஓய்வு பெற்றவன் நான். என் பேச்சில் நான் கண்டவையும் உண்டு. நான் செய்த தவறு ஒன்றும் உண்டு.

முதலில் அவ்வாயில் எவ்வாறு திறந்தது என்பதைப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் வகுப்புகளின் பாடக்குறிப்புகளை எல்லாம் உலகத்தார் எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு வெளியிடப் போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டில் யுனெஸ்கோ கூட்டிய கூட்டமொன்றில், திறந்த கல்வி வளங்கள் என்னும் பெயர் பிறந்தது. 'திறந்த' என்னும் சொல்லைச் சற்று ஊன்றி நோக்குங்கள். விலையில்லாமல் பார்க்க விடுவது ஒன்று. எடுத்துக்கொள்ளவும், படியெடுக்கவும், உன் மொழியில் மாற்றவும், உன் ஊருக்கு ஏற்பத் திருத்தவும் உரிமை தருவது மற்றொன்று. முன்னது தண்ணீர்ப் பந்தல். பின்னது ஊர்க் கிணறு.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. 1999இல் கருக்கொண்ட திட்டமொன்று 2003இல் உருப்பெற்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி நடத்தும் அத்திட்டமே என்.பி.டி.இ.எல். 2014 முதல் அது சான்றிதழோடு கூடிய இணையப் பாடங்களை நடத்தி வருகின்றது. 2017 ஜூலை 9ஆம் நாள் ஸ்வயம் என்னும் பெரிய தளம் தொடங்கப்பெற்றது. பாடம் கேட்கக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் தேர்வுக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, குறித்த ஊருக்குச் சென்று எழுத வேண்டும். கல்லூரிப் படிப்பின் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை இவ்வழியே பயில்வதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் இடமளித்தது. தமிழ்நாட்டிலோ, 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், ஆயிரக்கணக்கான நூல்களை மின்னூலகத்தில் வைத்திருக்கின்றது. 2019 ஆகஸ்டு 26 முதல் கல்வித் தொலைக்காட்சி நடைபெறுகின்றது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், நல்ல நூல் ஒன்று வேண்டுமாயின் மலையிலிருந்து இறங்கிப் பேருந்து ஏறிப் போக வேண்டும். போன நூலகத்தில் அந்நூல் இருக்க வேண்டும். இருந்தாலும் அதை வேறொருவர் எடுத்துச் சென்றிராமல் இருக்க வேண்டும். இன்று சாமை விளையும் ஒரு கொல்லையின் வரப்பில் அமர்ந்துகொண்டு, சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் பேராசிரியரின் விரிவுரையைக் கேட்கலாம். இதைச் சிறிதென்று சொல்வோர் பழைய நாளின் பஞ்சத்தை அறியாதவர்.

இனி என் தவற்றைச் சொல்கின்றேன்.

2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் மீண்டும் திறக்க 2021 நவம்பர் 1 ஆயிற்று. அக்காலத்தில் நானும் என் ஆசிரியர்களும் பாடங்களைக் கைப்பேசி வழியே அனுப்பினோம். எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்று நாள்தோறும் கணக்கு எழுதினேன். கணக்கு அழகாக இருந்தது. அனுப்பியதையே கற்பித்ததாக நான் எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் மலைப்பாதையில் நடந்து செல்கையில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கக் கண்டேன். என் கணக்கில் அவன் பெயர் தவறாமல் இருந்தது. "பாடமெல்லாம் வந்ததா, தம்பி?" என்று கேட்டேன்.

"வந்திருக்கும் ஐயா," என்றான் அவன். "போன், அப்பாவோடு குடகுக்குப் போயிருக்கிறது."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். எங்கள் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களில் பலர், மழை பொய்த்தாலும் பொய்க்காவிட்டாலும், ஆண்டில் சில திங்கள் வெளியூர்த் தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் வேலைக்குச் செல்வர். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி வேலைக்குப் போகிறவரோடு போகும். நான் அனுப்பிய பாடங்கள் அனைத்தும் ஒழுங்காகக் குடகுக்குச் சென்று, காப்பித் தோட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் சட்டைப்பையில் கிடந்தன.

இது ஒரு வீட்டின் கதையன்று. 2017-18இல் நடுவணரசின் மாதிரிக் கணக்கெடுப்பில், நாட்டுப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு 15 வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது, நகரத்தில் 42. கணிப்பொறி இருந்த நாட்டுப்புற வீடுகள் நூற்றுக்கு 5கூட இல்லை. அதன்பின் கைப்பேசிகள் பெருகியுள்ளன என்பது உண்மையே. ஆயினும் வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருப்பதும், மாணவன் கையில் இரண்டு மணி நேரம் அது தங்குவதும் ஒன்றாகா.

சரி, கருவியும் அலையும் கிடைத்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதேனும் வழி முடிந்துவிடுமா? 2012ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் கழகம் மின்சுற்றுகளைப் பற்றிய பாடம் ஒன்றை உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டது. பெயர் பதிந்தோர் 1,54,763 பேர். தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் அடைந்தோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை! வேடிக்கை பார்க்க வந்தோரும் அவருள் பலர். எல்லாரையும் தோற்றவர் என்று எண்ணுவது முறையன்று. எனினும், விரும்பி வந்து வழியிலே நின்றுவிட்டோர் எத்தனை பேர் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது.

அப்பாடத்தில் முழு மதிப்பெண் பெற்ற ஏறத்தாழ 340 பேருள் ஒருவன், மங்கோலிய நாட்டைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன். பின்னர் அவன் அதே கழகத்தில் மாணவனாகவும் சேர்ந்தான். இச்செய்தி உலகெங்கும் பரவியது. இணையம் இருந்தால் போதும், எவரும் எங்கிருந்தும் உயரலாம் என்று பலரும் பாராட்டினர். ஆனால் அக்கதையின் மறுபாதியைச் சொன்னவர் சிலரே. அச்சிறுவன் பயின்ற பள்ளியின் தலைவர் தாமே அக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அவர் தம் நண்பராகிய ஆராய்ச்சி மாணவர் ஒருவரை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். அவர் சோதனைக் கருவிகளைப் பெட்டிகளில் சுமந்து வந்து, மாணவரோடு அமர்ந்து, செய்து காட்டினார். ஏறத்தாழ இருபது மாணவர் கூடிப் பயின்றனர். அவர்களிலும் பாதிப்பேர் இடையில் விட்டனர். அச்சிறுவனின் அறிவு பெரிதே, ஐயமில்லை. அவன் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மாணவ நண்பர்களே, உங்கள் வலக்கையை முன்னே நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, விரலுக்குப் பின்னால் சுவரில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். இப்போது வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். விரல் இடம் பெயர்ந்தாற்போல் தோன்றுகிறது அல்லவா? இதை ஏன் செய்யச் சொன்னேன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

எங்கள் மலையில் காவலூர் என்னுமிடத்தில் வானாய்வகம் ஒன்று உள்ளது. வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய அவ்வாய்வகத்தில், 1986 முதல் 234 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இயங்கி வருகின்றது. அதன் வெண்ணிறக் கவிகை மாடத்தைத் தொலைவிலிருந்து பார்த்து வளர்ந்த பெண் ஒருத்தி, என்னிடம் பயின்றவள், சமவெளியில் உள்ள கல்லூரியொன்றில் இயற்பியல் படிக்கின்றாள். அவள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவள் அவளே. வானியல் பாடம் ஒன்றில் இணைய வழியே பெயர் பதிந்தாள். விடுமுறைக்கு வந்தபோது, அலை கிடைக்கும் பாறை ஒன்றின் மேல் ஏறி அமர்ந்து நாள்தோறும் பாடம் கேட்டாள். நான்காம் வாரத்தில் நிறுத்திவிட்டாள்.

"ஏனம்மா நிறுத்தினாய்? அலை கிடைக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"அலை கிடைக்கிறது ஐயா. எனக்குத்தான் புத்தி போதவில்லை. இது எங்களைப் போன்றவர்களுக்கு வராது," என்றாள்.

நாற்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் என்னை மிகவும் அச்சுறுத்திய சொற்கள் இவையே. பாம்பும் பொறியும் காலைப் பிடிப்பவை. இச்சொல் உள்ளத்தைப் பிடிப்பது. அவளுடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். ஆங்கிலத்தில், விரைவாகப் பேசினார். 'பாரலாக்ஸ்' என்னும் சொல்லை விளக்கமின்றி ஆண்டு, அதன்மேல் கணக்கை அடுக்கிக்கொண்டே போனார். அவ்வொரு சொல்லில் இவள் தடுக்கி விழுந்திருந்தாள். எழுந்து நோக்குவதற்குள் பாடம் நெடுந்தொலைவு சென்றுவிட்டது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம். நான் வானியல் அறிந்தவன் அல்லன். ஆயினும் கட்டைவிரலை நீட்டச் சொல்ல எனக்குத் தெரியும். "இரண்டு கண்ணும் இரண்டு இடத்தில் இருக்கின்றன, அதனால் விரல் இரண்டு இடத்தில் தெரிகிறது. பள்ளியில் இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர் படித்தாயே, அதுதான் இது," என்றேன். "ஒரு கண்ணை ஜனவரியில் வை, மற்றொன்றை ஜூலையில் வை. பூமி ஞாயிற்றைச் சுற்றும் வழியில் அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர். விரலுக்குப் பதில் ஒரு விண்மீன். அது எவ்வளவு நகர்ந்ததாகத் தோன்றுகிறதோ அதைக்கொண்டு அதன் தொலைவைக் கணக்கிடலாம். 1838இல் பெசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவ்வாறுதான் ஒரு விண்மீனின் தொலைவை அளந்தார்."

அவள் நெடுநேரம் விரலை நீட்டியபடி கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இவ்வளவுதானா ஐயா?" என்றாள். அவள் குரலில் மகிழ்ச்சியோடு சிறிது சினமும் இருந்தது. ஒரு சொல்லுக்காகத் தன்னையே அறிவிலி என்று எண்ணிக் கழித்த நாட்களை எண்ணிச் சினந்தாள் போலும்.

இதனால் இணையப் பாடம் பயனற்றது என்று சொல்லவில்லை. அப்பேராசிரியரின் பாடம் இல்லையேல் விண்மீனின் தொலைவைப் பற்றி நானும் அவளும் பேசியே இருக்க மாட்டோம். என்னால் அவருடைய பாடத்தை நடத்த முடியாது. அவரால் அப்பாறைக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டும் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

வானொலிக்கும் இவ்வுண்மை புதிதன்று. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் பரவியது. திருச்சி வானொலியின் வேளாண்மை நிகழ்ச்சிகளைக் கேட்டு உழவர்கள் அதை ஏற்றதனால், 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. ஒலியைக் கேட்டுத்தான் நெல் முளைத்ததா? அதே காலத்தில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. விதையும் உரமும் ஊருக்கு வந்தன. வரப்பில் நின்று விடை சொல்ல வேளாண்மைப் பணியாளரும் வந்தனர். வானொலி ஆவலை விதைத்தது. அருகில் நின்றவர் அதற்கு நீர் பாய்ச்சினார்.

அண்மையிலும் ஒரு சான்று உண்டு. பள்ளிகள் மூடியிருந்ததால் சிறுவர் இழந்த கல்வியை ஈடுசெய்ய, 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. ஊரில் உள்ள தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் திண்ணையிலும் மரத்தடியிலும் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தனர். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 சிறுவரை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டனர். அத்தன்னார்வலர்கள் பெரும் புலவர்கள் அல்லர். குழந்தையின் பக்கத்தில் அமர்ந்தவர்கள், அவ்வளவே.

ஆதலால் மாணவ நண்பர்களே, இணையத்தில் கற்கப் புகுவோர்க்கு அனுபவத்தால் சில சொல்வேன். பத்துப் பாடங்களில் பெயர் பதியாதீர். ஒன்றில் பதிந்து அதை முடியுங்கள். தனியே செல்லாதீர், தோழர் ஒருவரையேனும் சேர்த்துக்கொண்டு, வாரத்தில் ஒருநாள் நேரில் கூடிக் கற்றதைப் பேசுங்கள். விளங்காத சொற்களுக்கென ஒரு குறிப்பேடு வையுங்கள்; என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் உரைவடிவம் தமிழிலும் கிடைக்கின்றது, அதைத் தேடிப் படியுங்கள். அலை கிடைக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரிடத்தில் தடுக்கினால், தடுக்கிய இடம் எது என்று தேடுங்கள். உங்கள் அறிவின்மேல் பழி போடாதீர்கள்.

கல்லூரிகளையும் ஒன்று வேண்டுகின்றேன். மாலையில் ஓர் அறையைத் திறந்து வையுங்கள். அங்கே வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓர் ஆசிரியரை அமர்த்துங்கள். அப்பாடத்தில் அவர் வல்லுநராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. மாணவர் முகம் வாடுவதைக் கண்டு, எங்கே தடுக்கிற்று என்று கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

அப்பெண்ணின் செய்தியைச் சொல்லி முடிக்கின்றேன். அவள் பாடத்தை முழுதும் கேட்டு முடித்தாள். முதல்முறை தேர்வுக்குச் செல்ல அவளால் இயலவில்லை. தேர்வூருக்குச் சென்றுவரப் பணமும் துணையும் கிட்டவில்லை. மறுமுறை எழுதித் தேறினாள். இப்போது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தன் ஊர்ச் சிறுவர் நால்வரைத் திண்ணையில் அமர்த்தி ஏதேனும் சொல்லிக் கொடுக்கின்றாள். ஒருநாள் அவ்வழியே சென்றேன். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சிறுவன் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, "அக்கா, ஒன்றும் தெரியவில்லையே!" என்றான். மற்றவர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் சென்று அமர்ந்து, அவனுடைய ஒரு கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, "இப்போது பார்," என்றாள்.

நன்னனிடம் பரிசில் பெற்றவன், தான் பெற்றதோடு வீடு போய்ச் சேரவில்லை. வழியில் நின்று அடுத்தவனுக்குப் பாதை சொன்னான். நீங்களும் கட்டணமின்றிக் கற்ற ஒன்றை, உங்கள் ஊரில் ஒருவருக்கேனும் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுங்கள். நீங்கள் பெற்ற கல்விக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கட்டணம் அதுவே.